விற்பனை திரும்பிவிட்டது, பணம் திரும்பவில்லை: பொதுமுடக்கத்திற்குப் பிந்தைய மீட்சி குறித்து ஒரு கேள்வி

கேள்வி – அச்சகத்தார்

அனைவருக்கும் வணக்கம். நடுத்தர அளவிலான ஓர் அச்சகத்தை நடத்தி வருகிறேன். கண்காட்சிப் பதாகை, மாநாட்டுக் கோப்புறை, பயிற்சி வகுப்புக் கையேடு என்று மனிதர்கள் ஓரிடத்தில் கூடுவதை நம்பியிருந்த தொழில் எங்களுடையது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த சில வாரங்களுக்குள் எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் அடியோடு நின்றுபோயின.

மீண்டும் திறந்தபோது முதலில் எதிர்கொண்டது இயந்திரங்களைத்தான். உருளைகளில் மை காய்ந்து இறுகிக் கிடந்தது. அடுக்கி வைத்திருந்த காகிதக் கட்டுகள் ஈரம் குடித்து ஓரங்கள் நெளிந்திருந்ததால், ஒரு தாளை எடுக்க வேண்டிய இயந்திரம் இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்து இழுத்தது. நெடுநாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஓர் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பேட்டரி தீர்ந்து, அதில் பதிந்திருந்த அமைப்புகள் அனைத்தும் அழிந்திருந்தன. இவற்றையெல்லாம் சரிசெய்யும் செலவை நான் ஓரளவு எதிர்பார்த்தே இருந்தேன்.

எனக்கு விளங்காதது வேறு. இப்போது மாத விற்பனை ஏறத்தாழ பழைய அளவுக்கு வந்துவிட்டது. கணக்கேட்டில் இலாபமும் தெரிகிறது. ஆனால் முன்பு ஒருபோதும் இல்லாத அளவுக்குக் கையில் ரொக்கம் இல்லை. சம்பள நாள் நெருங்கும்போதெல்லாம் யாரிடமாவது புரட்ட வேண்டியிருக்கிறது. விற்பனை திரும்பிய பிறகும் ஏன் இப்படி? இன்னொரு கடன் வாங்குவதா, இணையவழி ஆர்டர்களுக்கு மாறுவதா, ஆள்களைக் குறைப்பதா என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இந்தக் கட்டத்தைக் கடந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் – தணிக்கை மேசை

ஐயா, நீங்கள் விவரிக்கும் நிலையில் இருந்த பல நிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். எந்த முடிவையும் எடுப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். தொழில்கள் மூடியிருந்த மாதங்களைவிட, திறந்த பிறகான மாதங்களில்தான் ரொக்கம் அதிகமாகத் தேவைப்படுகிறது.

மூடியிருந்தபோது வருமானம் இல்லை என்றாலும், கொள்முதலும் இல்லை. பழைய பாக்கியில் ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. பல நாடுகளில் வங்கித் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன, சம்பளத்தில் ஒரு பங்கை அரசுகள் ஏற்றன. பிரிட்டனில் வேலையின்றி வீட்டில் இருக்க வைக்கப்பட்ட ஊழியர்களின் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்புக்குள், அரசு தொடக்கத்தில் கொடுத்தது. அந்தத் திட்டம் 2021 செப்டம்பர் வரை நீடித்தது. ஜெர்மனி, வேலை நேரத்தைக் குறைத்து ஊதிய இழப்பின் ஒரு பங்கை அரசு ஈடுசெய்யும் தன் பழைய ஏற்பாட்டை விரிவுபடுத்தியது. அமெரிக்காவில் பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவிட்டால் தள்ளுபடியாகும் கடன்கள் வழங்கப்பட்டன. திறந்த நாளிலிருந்து இவை ஒவ்வொன்றாக விலகின. அதே சமயத்தில் ஒத்திவைத்த தவணை, நிலுவை வாடகை, புதுச் சரக்குக்கான பணம் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்து நின்றன.

உங்கள் நிலைமையை எண்ணில் காட்டுகிறேன். இவை உங்கள் எண்கள் அல்ல, எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொள்பவை. பொதுமுடக்கத்திற்கு முன் வாடிக்கையாளர் 45 நாளில் பணம் கொடுத்தார், சரக்கு உங்களிடம் 15 நாள் இருந்தது, காகித வியாபாரி 30 நாள் கடன் கொடுத்தார் என்று கொள்வோம். 45-உம் 15-உம் கூட்டி 30-ஐக் கழித்தால், உங்கள் பணம் 30 நாள் தொழிலுக்குள் முடங்கியிருந்தது. திறந்த பிறகு வாடிக்கையாளரும் நெருக்கடியில் இருப்பதால் 75 நாள் எடுத்துக்கொள்கிறார். தட்டுப்பாட்டுக்கு அஞ்சி நீங்கள் 30 நாள் சரக்கு வைக்கிறீர்கள். காகித வியாபாரியோ ரொக்கம் கொடுத்தால்தான் வண்டியில் ஏற்றுவேன் என்கிறார். இப்போது முடங்குவது 105 நாள். விற்பனை ஒரு காசுகூட மாறாமல், முடங்கிய பணம் மட்டும் மூன்றரை மடங்காகிவிட்டது. இலாபம் ஏட்டில் இருந்தும் கையில் இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த 75 நாள் வேறுபாட்டில்தான் இருக்கும். விற்பனை இன்னும் கூடினால் இந்தப் பள்ளம் ஆழமாகுமே தவிரத் தூராது.

சிறு தொழில்களுக்கு இதைத் தாங்கும் இருப்பு எப்போதுமே குறைவு. ஜே.பி. மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சிறு தொழில்களில் பாதிக்கு, வரவு முற்றாக நின்றால் 27 நாளுக்கு மேல் தாங்கும் ரொக்கம் இல்லை என்று தெரியவந்தது. அது வளம் மிக்க ஒரு நாட்டில், பெருந்தொற்றுக்கு நான்கு ஆண்டுகள் முன்பிருந்த நிலை. இதை நீங்கள் சரியாக நடத்தாததன் விளைவு என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த 13 வாரங்களுக்கு, வாரம் ஒரு வரியாக, உண்மையில் கைக்கு வரப்போகும் பணத்தையும் கையைவிட்டுப் போகப்போகும் பணத்தையும் எழுதுங்கள். இன்வாய்ஸ் தேதியைப் பார்க்க வேண்டாம், அந்த வாடிக்கையாளர் கடந்த முறை எந்த நாளில் பணம் கொடுத்தார் என்பதைப் பாருங்கள். எந்த வாரத்தில் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிறது என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் வாங்கும் கடன், எவ்வளவு தேவை, எவ்வளவு காலத்துக்குத் தேவை என்ற இரண்டும் தெரியாமல் வாங்கும் கடனாகவே இருக்கும்.

வேலை கொடுக்கும்போதே பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். எல்லோரிடமும் முடியாது, பெரிய நிறுவனங்கள் தங்கள் விதியைக் காட்டி மறுப்பார்கள். ஆனால் சிறிய வாடிக்கையாளர்களில் பலர், அச்சேற்றுவதற்கு முன் மாதிரிப்படியில் கையெழுத்திடும் நேரத்தில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

பதில் – சரக்கு வழி

மேலே எழுதியவரின் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சரக்கு 30 நாள் என்பதைக் குறைக்க வேண்டிய சுமையாக மட்டும் வாசகர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் கொள்முதல் துறையில் இருப்பவன்.

2020-ன் தொடக்கத்தில் கார் நிறுவனங்கள் விற்பனை சரியும் என்று கருதி, மின்னணுச் சில்லுகளுக்கான ஆர்டர்களை இரத்து செய்தன. சில்லு உற்பத்தியாளர்கள் அந்தத் திறனைக் கணினிகளுக்கும் வீட்டு மின்னணுச் சாதனங்களுக்கும் திருப்பிவிட்டார்கள். கார் விற்பனை எதிர்பார்த்ததைவிட விரைவில் திரும்பியபோது, வரிசையில் தங்கள் இடம் போய்விட்டதை அந்நிறுவனங்கள் கண்டன. டொயோட்டா மட்டும் 2011 நிலநடுக்கத்தில் கற்ற பாடத்தால் தன் சப்ளையர்களிடம் சில மாதத்துக்கான சில்லுகளை இருப்பில் வைக்கச் சொல்லியிருந்தது. அதனால் மற்றவர்களைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. அந்த டொயோட்டாவும் 2021 செப்டம்பரில் உலக அளவிலான உற்பத்தியை 40 விழுக்காடு குறைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. இருப்பு காலத்தை வாங்கித் தரும், தட்டுப்பாட்டையே நீக்கிவிடாது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

காகிதத்துக்கு வருவோம், ஏனெனில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது அதுதான். அச்சுக் காகிதத்துக்கான தேவை பெருந்தொற்றுக்கு முன்பே குறைந்துகொண்டிருந்தது. பொதுமுடக்கம் அந்தச் சரிவை வேகப்படுத்தியது. பின்லாந்தின் ஸ்டோரா என்சோ நிறுவனம் 2020-ல் தன் ஊலு ஆலையில் காகித உற்பத்தியை நிறுத்தி, அட்டைப்பெட்டிக்கான தாளுக்கு மாற்றியது. 2021-ல் வேறு இரண்டு காகித ஆலைகளை மூடியது. பிறகு 2022 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை யு.பி.எம். என்ற மற்றொரு காகித நிறுவனத்தின் பின்லாந்து ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆலைத்திறன் இப்படிக் குறைந்த நேரத்தில் அச்சகங்கள் மீண்டும் காகிதம் கேட்டால் விலை ஏறாமல் என்ன செய்யும்? கப்பல் போக்குவரத்தும் அப்போது சீராக இல்லை. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டு நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆலைகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்பதையும் கவனியுங்கள். எழுதும் தாளிலிருந்து பொதி கட்டும் அட்டைக்கு நகர்ந்தன. உங்கள் வாடிக்கையாளர்களில் யார் திரும்பி வந்தார்கள், யார் இனி வரவே மாட்டார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. கண்காட்சிகள் திரும்பிவிட்டன. ஆனால் திரைவழியே நடக்கத் தொடங்கிய பயிற்சி வகுப்புகளில் ஒரு பங்கு திரைவழியிலேயே தங்கிவிட்டது, அவற்றுக்கான கையேடுகள் இனி கோப்பாகவே அனுப்பப்படும். அந்த வேலைக்காக வைத்திருக்கும் இயந்திரத்தையும் சரக்கையும் இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பில் வைப்பது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். பெட்டி, உறை, லேபிள் போன்றவற்றுக்கான தேவை கூடியிருக்கிறது. புதிய இயந்திரம் வாங்காமல், இருக்கும் இயந்திரத்தில் கனமான தாளை ஓட்ட முடியுமா, வெட்டி மடிக்கும் வேலையை மட்டும் வெளியே கொடுக்க முடியுமா என்று முதலில் சோதித்துப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வீட்டு உடற்பயிற்சிச் சைக்கிள்கள் தயாரிக்கும் பெலோட்டன் நிறுவனம், பொதுமுடக்கக் காலத்துத் தேவை அப்படியே நீடிக்கும் என்று நம்பி, 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் ஒஹாயோவில் சுமார் 40 கோடி டாலர் செலவில் தொழிற்சாலை கட்டுவதாக அறிவித்தது. 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஏறத்தாழ 2,800 பணியிடங்களையும் நீக்கியது. அதனால் பெட்டி வேலை வருகிறது என்பதற்காகக் கடன் வாங்கி இயந்திரம் இறக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஓராண்டு ஆர்டர் தொடர்ந்து வரட்டும்.

இணையவழி ஆர்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைச் செய்யுங்கள், ஆனால் புதுச் சந்தையைப் பிடித்துத் தரும் என்று நம்பிச் செய்ய வேண்டாம். அதன் உண்மையான பயன் வேறு: வாடிக்கையாளர் கோப்பை ஏற்றி, மாதிரியை ஒப்புக்கொண்டு, பணத்தையும் அப்போதே கட்டிவிடுகிறார். வாடிக்கையாளர் பணம் கொடுக்க எடுத்துக்கொள்வதாகத் தணிக்கை மேசை சொன்ன அந்த 75 நாள் சில ஆர்டர்களுக்காவது பூச்சியமாகிவிடும்.

பதில் – பணியாளர் பிரிவு

ஆள்களைக் குறைப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2022 கோடையில் ஐரோப்பிய விமான நிலையங்களில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பொதுமுடக்கத்தில் பெரும் எண்ணிக்கையில் ஆள்களை அனுப்பிவிட்ட அந்தத் துறை, பயணிகள் திரும்பியபோது பாதுகாப்புச் சோதனைக்கும் பெட்டிகளைக் கையாள்வதற்கும் ஆளில்லாமல் திணறியது. இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஜூலையில், நாளொன்றுக்கு ஒரு இலட்சம் பேருக்கு மேல் அங்கிருந்து புறப்பட முடியாது என்று வரம்பே விதித்தது. வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், அவருக்குச் சேவை செய்ய ஆளில்லை. கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ், 2020 மே மாதம் திவால் பாதுகாப்பு கோரி, தன் கார்களில் கணிசமான பங்கை விற்றது. அடுத்த ஆண்டே அந்தத் துறை முழுவதும் கார் தட்டுப்பாட்டில் தவித்தது. விற்றது காராக இருந்தாலும் அனுப்பியது ஆளாக இருந்தாலும் திரும்பப் பெறும் விலை அதிகம்.

உங்கள் அச்சகத்தில், நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழும்படி அமைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? அந்த அமைப்புகள் அழிந்துபோன இயந்திரத்தை நினைவிலிருந்தே திருப்பி அமைத்தவர் யார்? அவரை அனுப்பிவிட்டு மிச்சமாகும் சம்பளத்தை, வீணாகும் காகிதத்தில் இழந்துவிடுவீர்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால், ஜெர்மனியின் வழியைச் சிறிய அளவில் பின்பற்றலாம்: எல்லோருக்கும் சில மாதங்கள் வேலை நேரத்தைக் குறைத்து, இந்தத் தேதியில் மீண்டும் முழு நேரம் என்பதை எழுத்தில் கொடுங்கள். அரசின் ஈடு இல்லாத இடத்தில் இது ஊழியர்களுக்குக் கடினமாகவே இருக்கும். அதை அவர்களிடம் மறைக்காமல், 13 வாரக் கணக்குத் தாளையே காட்டிப் பேசுங்கள்.

அச்சகத்தார்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த 13 வாரத் தாளை உடனே எழுதிப் பார்த்தேன். ஆறாவது வாரத்தில் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகிறது. காரணமும் தெரிந்துவிட்டது: ஒரே பெரிய வாடிக்கையாளரின் பாக்கி, அதே வாரத்தில் விழும் பழைய கடனின் தவணை. விற்பனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் இவ்விரண்டும் ஒரே வாரத்தில் மோதுவது கண்ணில் படவே இல்லை.

இயந்திரத்தை நினைவிலிருந்து அமைத்தவரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் எங்கள் அச்சகத்தின் மூத்த தொழிலாளி. அவரை அனுப்பும் எண்ணம் இப்போது அறவே இல்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஏற்கெனவே பொதுமுடக்கக் காலத்தில் வாங்கிய உத்தரவாதக் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆறாவது வாரத்துக்காக வங்கியிடம் போனால், தவறுபவன் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதில் – கடன் பிரிவில் இருந்தவன்

பல ஆண்டுகள் வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அச்சம் இயல்பானது. ஆனால் வங்கியின் பார்வையில் ஆறு வாரத்துக்கு முன் வருபவரும், தவணை தவறிய மறுநாள் வருபவரும் முற்றிலும் வெவ்வேறு ஆள்கள். தவணை தேதி கடக்காத வரை கணக்கு சீரான கணக்கு. அதை மாற்றியமைக்க மேலாளருக்கு வழிகள் இருக்கும். தேதி கடந்து நாள்கள் ஓட ஓட, கணினியே அந்தக் கணக்கை வேறு வகைக்கு நகர்த்திவிடும், அதன்பின் மேலாளர் நல்லவராக இருந்தும் பயனில்லை.

உத்தரவாதக் கடன்கள் எப்படி அமைந்தன என்பதைப் புரிந்துகொள்வது உதவும். 2020-ல் பல அரசுகள், தொழில்கள் திரும்பச் செலுத்தத் தவறினால் வங்கிக்குத் தாங்கள் ஈடு தருவதாக உறுதி கூறிக் கடன் கொடுக்கச் செய்தன. இந்தியாவில் அந்த ஆண்டு மே மாதம் 3 இலட்சம் கோடி ரூபாய் அளவில் அறிவிக்கப்பட்ட அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் முதல் கட்டத்தில், கடன் காலம் நான்கு ஆண்டு, அதில் முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் 50,000 பவுண்டு வரையிலான சிறு கடன்களுக்கு அரசு முழு உத்தரவாதம் கொடுத்தது. ஈடு கொடுப்பது வங்கிக்குத்தான். கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

இந்த ஏற்பாடுகளாலும் திவால் சட்டங்களைத் தற்காலிகமாகத் தளர்த்தியதாலும் 2020-ல் பல நாடுகளில் திவாலான நிறுவனங்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தே காணப்பட்டது. பாதுகாப்பு விலகிய பிறகு சுமை வெளிவந்தது: இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022-ல் நொடித்த நிறுவனங்களின் எண்ணிக்கை 2009-க்குப் பிறகு மிக அதிகம். அதற்கிடையே வட்டியும் ஏறியது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டியிருந்த தன் வட்டி விகிதத்தை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 விழுக்காடு வரை உயர்த்தியது. மலிவான வட்டியில் போட்ட கணக்கை வைத்து இப்போது புதுக்கடன் வாங்கினால் தவணை உங்கள் எதிர்பார்ப்பைத் தாண்டிவிடும். ஆகவே நீண்டகாலக் கடன் மேலும் ஒன்று வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் பள்ளம் ஒரே வாரத்தில், ஒரே வாடிக்கையாளரால் வருகிறது. அந்த வாடிக்கையாளர் நம்பகமான பெரிய நிறுவனமாக இருந்தால், அவர் பெயரிலான இன்வாய்ஸைக் காட்டி அதன் பேரில் வங்கி முன்கூட்டியே பணம் கொடுக்கும் பில் டிஸ்கவுண்ட் வசதியைக் கேளுங்கள். அது அவர் பணம் செலுத்தியதும் தானாக அடைந்துவிடும். கூடவே பழைய கடனின் தவணைத் தேதியை இரண்டு வாரம் தள்ளித்தர முடியுமா என்று கேளுங்கள். தொகையைக் குறைக்கச் சொல்வதைவிட, தேதியை மாற்றச் சொல்வது கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் எளிது.

போகும்போது 13 வாரத் தாள், வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்த பாக்கிப் பட்டியல், கையிலிருக்கும் ஆர்டர்களின் நகல் ஆகிய மூன்றையும் கொண்டு போங்கள். பாக்கிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடந்த மூன்று முறை அவர் எத்தனை நாளில் பணம் கொடுத்தார் என்று எழுதியிருக்கட்டும். மேலாளர் முதலில் விரல் வைக்கும் இடம் அந்த வரிசைதான். மாதக் கடைசி வாரத்தில் போக வேண்டாம், அப்போது கிளையில் எல்லோரும் வசூலில் மும்முரமாக இருப்பார்கள்.

பதில் – தணிக்கை மேசை

மேலே சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. அந்தப் பெரிய வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவை வங்கிக்குப் போகும் முன்பே அழையுங்கள். உங்கள் இன்வாய்ஸ் அவர்கள் முறைமையில் ஏற்றப்பட்டிருக்கிறதா, கொள்முதல் ஆணை எண் சரியாக ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேளுங்கள். பணம் எப்போது வரும் என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும். பில் எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்டால், பல நேரங்களில் ஓர் எண் பிழையால் அது பல வாரமாக யாருடைய ஒப்புதலுக்கும் போகாமலேயே கிடந்தது தெரியவரும். அப்படியானால் அன்றே திருத்திய பில்லை அனுப்பிவிடுங்கள்; உங்கள் ஆறாவது வாரத்துக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம்.